ஏழாம் அறையில் வைக்கோல் கூடாது

பூட்டு விழுந்த சத்தம் கேட்டபோது, நான் சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் மாமியாருக்கு ஒரு சிம்பன்ஸியின் மூக்கை வர்ணித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இரும்புக் கதவு தடதடவென்று நகர்ந்து மூடியது. வெளியே பூட்டுப் போட்டார்கள். போட்ட பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். கடக். கடக். பிறகு விளக்குகள் ஒன்றுவிடாமல் அணைந்தன. பூட்ஸ் சத்தம் அவசரமே இல்லாமல் நடந்து போய், தூரத்தில் இன்னொரு கதவும் மூடியது.

"அத்தை, நம்மள உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க."

"தெரியுது மாப்ளே. கண்ணாடிதான் கையில இல்ல. காது தலையிலதான் இருக்கு."

இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மாமியார்தான் என் முதலாளி. முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எரிந்த கடை தானாக எரிந்ததா என்று மோப்பம் பிடித்தவர். ஓய்வு பெற்றதும் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அதே மாதம் எனக்கு வேலை போனது. பெண்ணையும் கொடுத்து, உட்கார நாற்காலியும் கொடுத்த புண்ணியவதி. வீட்டிலும் அவர் பேச்சைக் கேட்கிறேன், ஆபீஸிலும் அவர் பேச்சைக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று என் வாழ்க்கையில் கிடையாது.

நாங்கள் மாட்டிக்கொண்டது ஓர் உயிரியல் பூங்காவின் சிம்பன்ஸிக் கட்டடத்தில், காலியாக இருந்த ஆறாம் அறையில். நீளம் நாலு எட்டு, அகலம் மூணு எட்டு. கூரையில் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி வெளிச்சம். ஒரு மூலையில் வைக்கோலும், பச்சை இலையோடு ஒரு கட்டுக் கிளைகளும். இடது பக்கம் கம்பி வலைக்கு அப்பால் ஐந்தாம் அறை. அதில் இருந்தவருக்குப் பெரியவர் என்று பெயர். என்னைப்போல் இரண்டு மடங்கு தோள். வலது பக்கம் கம்பி வலைக்கு அப்பால் ஏழாம் அறை. அதில் நாலு வயதுப் பெண் குட்டி, பெயர் சின்னது. அவளுக்காகத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

முந்தின நாள் காப்பாளரின் மனைவி எங்கள் ஆபீஸுக்கு வந்து அழுதார். அவர் வீட்டுக்காரர் இந்தக் கட்டடத்தில் ஏழு வருஷமாகக் காப்பாளர். ஆறு வாரத்துக்கு முன்னால் சின்னது வந்தாள். வேறொரு பூங்காவில் பிறந்தவள், தாய் ஒதுக்கியதால் பிறந்த நாளிலிருந்து மனிதர்கள் பாட்டில் பால் கொடுத்து வளர்த்தார்கள் என்று பேப்பர் சொன்னது. காப்பாளர் பாட்டிலை நீட்டியபோது, அது என்ன என்றே அவளுக்குத் தெரியவில்லை. "இது பூங்காவில் பிறந்தது இல்லை, காட்டிலிருந்து திருடியது" என்று அவர் இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாளே, கூண்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனார் என்று அவர் மேலேயே குற்றம் சாட்டி வேலையிலிருந்து நீக்க உத்தரவு போட்டுவிட்டார்கள். இன்று அவருக்குக் கடைசி நாள். இன்று நாலு மணிக்குச் சின்னதும் லாரி ஏறி எங்கேயோ ஒரு தனியார் பூங்காவுக்குப் போகிறாள். பதிவேட்டு அதிகாரி வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மதியம் எங்களை உள்ளே அழைத்து வந்தபோது காப்பாளர் விளக்கமாகச் சொன்னார்.

"பூங்காவுல பொறந்ததுன்னா வம்சப் பதிவேட்டுல பேர் இருக்கும். ஒரு பூங்காவுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தலாம், ஜோடி சேக்கலாம். இனம் அழிஞ்சு போகக் கூடாதுன்னு பண்ண ஏற்பாடு சார் அது. காட்டுலேர்ந்து பிடிச்சதுன்னா வாங்கவும் கூடாது, விக்கவும் கூடாது."

"அப்போ காட்டுல பிடிச்சு, பூங்கா பேரை ஒட்டிட்டா?" என்றார் அத்தை.

"அதைத்தாம்மா நான் சொன்னேன். ஒரு குட்டியைப் பிடிக்கணும்னா அம்மா உயிரோட இருக்கற வரைக்கும் முடியாது. அம்மாவைச் சுடணும். தடுக்க வர்ற சித்தி, அண்ணன் எல்லாரையும் சுடணும். ஒரு குட்டிக்கு ஒரு குடும்பமே காலி." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

உள்ளே நுழைய ஏகப்பட்ட சட்டம். செல்போன், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் வாசல் அலமாரியில் வைத்துவிட வேண்டும், வலை வழியாகப் பிடுங்கிவிடுவார்களாம். நம் சளி அவர்களுக்கு எமன் என்பதால் மாஸ்க் போட வேண்டும். நுழைந்த கதவை உடனே பூட்டி, காப்பாளர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே மூன்று முறை இழுத்துப் பார்த்தார். "இங்க எல்லாருக்கும் இதான் சட்டம்" என்றார். கடைசியாக என்னிடம் ஒன்று சொன்னார்.

"சார், நீங்க சிரிச்ச முகமா இருக்கீங்க. மாஸ்க்கை மட்டும் இறக்கிடாதீங்க. பல்லைக் காட்டினா நீங்க பயந்துட்டீங்கன்னு இவங்க பாஷையில அர்த்தம். பயந்தவனைப் பார்த்தா பெரியவருக்கு வீரம் வந்துடும். கதவைத் தட்ட ஆரம்பிச்சார்னா மெயின் கேட் வரைக்கும் கேக்கும். போன வருஷம் ஒரு தடவை தட்டினார், நான் சாப்பாட்டை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன்."

பிறகு அவருக்கு வாக்கி டாக்கியில் அழைப்பு வந்தது. சாவிக்கொத்தை ஒப்படைக்கக் கேட்டுக்கு வரச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போனார். அத்தைக்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டடிக்கு அப்பால் எல்லாம் மூட்டம். அதனால் சின்னதை நான் பார்த்துச் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் பூட்டு விழுந்தது.

நான் கதவை உதைத்தேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் கட்டைவிரலுக்குத்தான் ஆனது.

"அந்தக் காப்பாளர் நம்மள நல்லா ஏமாத்திட்டார் அத்தை. பொண்டாட்டியை அழ வச்சு அனுப்பிட்டு, இங்க கூட்டிட்டு வந்து பூட்டிட்டார். ஆபீஸ் ஆளா இருந்தா பூட்டிட்டுப் போயிட்டே இருப்பான். பூட்டை இழுத்துப் பாக்கறது இவங்க பழக்கம்தானே?"

"பழக்கம்தான். எத்தனை தடவை இழுத்தாங்க?"

"யார் எண்ணினாங்க?"

"நான் எண்ணினேன்" என்றார் அத்தை. அதற்கு மேல் சொல்லவில்லை. இப்படிப் பாதியில் நிறுத்துவது அவருக்குக் கைவந்த கலை. கேட்டால் "நீங்களே யோசிங்க" என்பார். நான் யோசித்தால் எனக்குத் தலைதான் வலிக்கும்.

எனக்கு லிஃப்டே ஆகாது. மாஸ்க்குக்குள் வியர்வை வழிந்தது. நாலு எட்டு நடந்தேன், சுவர். திரும்பி நாலு எட்டு நடந்தேன், சுவர். கடிகாரம் இல்லாததால் நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்றும் தெரியவில்லை. கால் மணி நேரத்திலேயே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் இதே அளவு அறையில் ஆறு வாரமாக இருப்பவள், முழங்காலைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

"மாப்ளே, அவ அறையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. வெறும் தரை. சுவத்துல ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. படுக்க வைக்கோல்கூட இல்ல."

"நம்ம அறையில இருக்கே?"

"இது சாயங்காலம் பெரியவருக்காம். எல்லா அறைக்கும் வைக்கோல், கிளை எல்லாம் உண்டு. ஏழாம் அறைக்கு மட்டும் கூடாதுன்னு இயக்குநர் ஆர்டர் போட்டிருக்காராம். தொத்து வந்துடுமாம்."

"ஆறாம் அறைக்கும் ஏழாம் அறைக்கும் நடுவுல சுவரா இருக்கு?"

"வலைதான்."

"வலை வழியா வராத தொத்து, வைக்கோல் வழியா மட்டும் வருமா?" என்று அத்தை முணுமுணுத்தார். "காலையில நாம பாக்கப் போனப்ப அந்த இயக்குநர் தன் ரூம்ல என்ன சொன்னார்? 'இந்தப் பிராணிங்க எனக்குப் பிள்ளைங்க மாதிரி, இதே கட்டடத்துல பதினோரு வருஷம் வாளி தூக்கினவன் நான்'னு. பிள்ளையை வெறும் தரையில படுக்கப் போடுவாரா?"

காலையில் இயக்குநர் ஒரு பழைய போட்டோவை மேஜையிலிருந்து எடுத்துக் காட்டியது எனக்கும் ஞாபகம் இருந்தது. முடி நிறைய, கையில் வாளி.

"அந்தக் கிளைகளை அவளுக்குக் குடுங்க மாப்ளே."

"எதுக்கு?"

"எதைக் குடுக்கக் கூடாதுன்னு ஒருத்தர் எழுதி வச்சிருக்காரோ, அதைக் குடுத்துப் பாக்கணும். முப்பது வருஷம் எனக்குச் சம்பளமே அதுக்குத்தான்."

வலையின் அடியில் சாப்பாட்டுத் தட்டு தள்ளுகிற இடுக்கு இருந்தது. அதன் வழியாக ஒவ்வொரு கிளையாகத் தள்ளினேன். சின்னது முதலில் அசையவில்லை. பிறகு வந்து ஓர் இலையை முகர்ந்தாள். ஒரு சின்ன முனகல் விட்டாள். அப்புறம் நடந்ததை நான் ரேடியோ வர்ணனை மாதிரி ஒவ்வொன்றாக அத்தைக்குச் சொன்னேன்.

"எல்லாக் கிளையையும் பலகை மேல தூக்கிட்டுப் போறா. விளக்கு இல்லாததால ராத்திரின்னு நினைச்சுட்டா போல. ஒரு கிளையை வளைச்சு, அது மேல கால் வச்சு அழுத்தறா. இன்னொண்ணை எடுத்துக் குறுக்கா வளைக்கறா. நுனியை அடியில செருகறா. திரும்பறா, இன்னொண்ணு. அத்தை, இது விளையாட்டு இல்ல. அவ பாட்டுக்குப் பின்னிட்டே போறா. வட்டமா வருது. இலையை உள்பக்கமா மடிச்சு விடறா. கூடு அத்தை! படுக்கக் கூடு கட்டறா!"

"எவ்ளோ பெருசு?"

"பலகை முழுக்க. அவ உடம்புக்கு எதுக்கு இவ்ளோ பெருசுன்னு தெரியல."

அத்தை வலைப் பக்கம் நகர்ந்து வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பொறந்த நாள்லேர்ந்து பாட்டில்ல வளந்தவளுக்கு இதை யார் சொல்லிக் குடுத்தாங்க மாப்ளே?"

தினம் ராத்திரி தன் அம்மா கட்டுவதைப் பார்த்தவளுக்குத்தான் இது வரும். வைக்கோலும் கிளையும் கிடைத்தால் முதல் நாளே கட்டிவிடுவாள், பார்க்கிற அதிகாரி கண்டுபிடித்துவிடுவார். தொற்றும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அதற்காகத்தான் அந்த ஆர்டர்.

அந்த நேரம் பார்த்து வெளியே லாரி பின்னால் வருகிற பீப் சத்தம் கேட்டது. ஏழாம் அறையின் வெளிப்பக்கக் கதவு மேலே தூக்கப்பட, அந்த இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு மரக் கூண்டுப்பெட்டி வந்து நின்றது. உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம்.

"டேய், நிறுத்துங்கடா! நாங்க உள்ள இருக்கோம்!" என்று நான் அடித்தொண்டையில் கத்தினேன். அத்தையும் கத்தினார். லாரி இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு மேலே இயக்குநரின் குரல் கேட்டது.

"சிம்பன்ஸிங்க அப்படித்தான் கத்தும். கண்டுக்காதீங்க, வேலையைப் பாருங்க."

என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். வீட்டில்கூட யாரும் இப்படிச் சொன்னதில்லை.

சின்னது கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். பசி போலிருக்கிறது. இறங்கினாள். பாதி தூரம் போய்த் திரும்பி, கூட்டிலிருந்து இலையோடு ஒரு சின்னக் கிளையை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் போனாள். பெட்டியின் கதவுப் பலகை தடாலென்று விழுந்தது. உள்ளேயிருந்து ஓர் அலறல். என்னால் கேட்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டேன்.

"போச்சு அத்தை. எல்லாம் போச்சு."

"போகல. இன்னும் கையெழுத்து இருக்கு. மாப்ளே, மாஸ்க்கைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"இந்த மூலையிலேயே நில்லுங்க, பெரியவர் பக்கம் மூச்சு விடாதீங்க. அவரைப் பார்த்துச் சிரிங்க."

"அத்தை!"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து சிரிக்காதீங்க சிரிக்காதீங்கன்னு நான்தானே சொல்றேன்? இன்னிக்கு நானே சொல்றேன், சிரிங்க. முப்பத்திரண்டும் தெரியணும்."

மாஸ்க்கை இறக்கினேன். பெரியவரின் கண்ணைப் பார்த்து, மாமியார் வீட்டில் முதல் முதலாகப் பெண் பார்க்கப் போன அன்று சிரித்ததைவிட அகலமாகச் சிரித்தேன்.

பெரியவரின் முடி மொத்தமும் எழுந்து நின்றது. உதடு குவிந்தது. ஹூ, ஹூ என்று மெதுவாக ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, ஒரு கர்ஜனையாக வெடித்தது. பாய்ந்து வந்து இரும்புக் கதவை இரண்டு காலாலும் மிதித்தார். டமார்! மறுபடியும் டமார்! கட்டடமே அதிர்ந்தது. மற்ற அறைகளில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வலை என் பக்கம் ஓரடி வளைந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. நான் சிரிப்பை நிறுத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நிறுத்த முடியவில்லை, பயத்தில் முகம் அப்படியே இழுத்துக்கொண்டுவிட்டது.

எவ்வளவு நேரமோ தெரியாது. தாழ்வாரத்தில் யாரோ ஓடி வந்தார்கள். விளக்கு எரிந்தது. சாவி திரும்பிக் கதவு நகர்ந்தது. மூச்சிரைக்க நின்றவர் காப்பாளர்.

"யோவ், நீதானே பூட்டினே?" என்று நான் சட்டையைப் பிடிக்கப் போனேன்.

"நானா? கேட்ல உக்கார வச்சிட்டாங்க சார், சாவி வாங்கிக்க ஆளே வரல. பெரியவர் சத்தம் கேட்டு ஓடி வரேன்."

"மாப்ளே, விடுங்க அவரை" என்றார் அத்தை. "நாம வெளிய வந்தப்புறம் அவர் பூட்டுவார். எண்ணுங்க."

காப்பாளர் ஒன்றும் புரியாமல் பூட்டினார். கடக். கடக். கடக்.

"மூணு" என்றேன்.

"நம்மளைப் பூட்டின ஆள் ரெண்டோட நிறுத்திட்டார்." அத்தை காப்பாளரிடம் திரும்பினார். "ரெண்டு தடவை இழுக்கறவங்க இங்க யாரு?"

"இப்ப யாரும் இல்லம்மா. நான் சேர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் ரெண்டுதான். ஒரு பழைய பூட்டு ரெண்டு இழுப்புக்குத் தாங்கிட்டு அப்புறமா வாயைத் திறந்துடுச்சு. அதுலேர்ந்து மூணாக்கினாங்க. அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் ரிட்டயர் ஆயிட்டாங்க."

"எல்லாரும் இல்ல" என்றார் அத்தை. அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு நடந்தார்.

லாரிப் பக்கம் இயக்குநர் சிரித்த முகமாக நின்றார். பதிவேட்டு அதிகாரி, காட்டு வெயிலில் கறுத்த முகமும் வெட்டிய முடியுமாக ஒரு பெண்மணி, பானெட்டில் காகிதங்களை வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இயக்குநரின் சிரிப்பு ஒரு விநாடி தடுமாறியது. ஆனால் ஆள் கெட்டிக்காரர்.

"நீங்க அப்பவே கிளம்பிட்டீங்கன்னு நினைச்சேன்."

"கிளம்பிட்டே இருக்கோம் சார்" என்றார் அத்தை பணிவாக. "நாங்க தடுக்க வரல. பெட்டியில பூட்டு திறந்தே தொங்குதே, போட்டுடுங்க. வழியில ஏதாவது ஆச்சுன்னா மறுபடி பாவம் இந்தக் காப்பாளர் தலையிலதான் விழும்."

இயக்குநருக்கு நிம்மதியாகிவிட்டது. பூட்டை அழுத்தினார். பதினோரு வருஷம் பழகின கை. கடக். கடக். பூட்டை விட்டுவிட்டார்.

"மூணாவது?" என்றார் அத்தை.

காப்பாளரின் வாய் பிளந்தது. இயக்குநர் தன் கையையே பார்த்தார், அது வேறு யாருடையதோ மாதிரி.

"ரெண்டு தடவை இழுத்தா குத்தமா?"

"இல்ல சார். எங்க ரெண்டு பேரையும் ஆறாம் அறையில வச்சுப் பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்தீங்களே, அது குத்தம். ஏன் பூட்டினீங்கங்கறது அடுத்த கேள்வி. மேடம், பெட்டிக்குள்ள பாருங்க. அவ கையில என்ன இருக்கு?"

அதிகாரி குனிந்து காற்றுத்துளை வழியாகப் பார்த்தார். இயக்குநரும் பார்த்தார். பச்சை இலையைக் கண்டதும் அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "யார்... யார் கிளை குடுத்தது அதுக்கு?" என்றார்.

"நான்தான்" என்றேன். இந்த வழக்கில் நான் உருப்படியாகச் சொன்ன ஒரே வாக்கியம்.

"மேடம், கையெழுத்துக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஏழாம் அறைக்கு வரணும்" என்றார் அத்தை. இயக்குநர் தொற்று, தொற்று என்று குழறினார். அதிகாரி மாஸ்க்கை மாட்டிக்கொண்டார்.

பலகை மேல் கூடு அப்படியே இருந்தது. அதிகாரி நுனி செருகியிருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். உள்ளங்கையை விரித்துக் கூட்டின் அகலத்தை அளந்தார். ஒரு முறை அளந்தவர், இன்னொரு முறை அளந்தார்.

"காட்டுல பத்து வருஷம் வேலை பாத்திருக்கேன். சாயங்காலம் ஆனா மரத்து மேல அம்மாக்கள் இப்படித்தான் கட்டுவாங்க" என்றார். "இந்த வயசுல குட்டி அம்மா கூடதான் படுக்கும். இந்தக் குட்டிக்கு இதுல பாதி போதும். இது ரெண்டு பேர் படுக்கற கூடு."

காப்பாளர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் தரையில் கிடந்த இலைகளைப் பொறுக்கினேன்.

அதிகாரி வெளியே போய், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். யாருக்கோ போன் செய்தார். இயக்குநர் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை இறக்காமலேயே மறுபடி ஏழாம் அறைக் கதவோடு பொருத்தினார்கள்.

"அவளைத் திரும்பக் காட்டுல விட முடியாதா மேடம்?" என்று நான் கேட்டேன்.

"தனியா விட்டா ஒரு வாரம் தாங்க மாட்டா. இவளை மாதிரி அனாதைங்களுக்கு ஒரு காப்பகம் இருக்கு, காட்டு ஓரத்துல. அங்க கொண்டுபோய்ச் சேக்கறேன். அதுவரைக்கும் இவர்தான் பாத்துக்கணும்" என்று காப்பாளரைக் காட்டினார். காப்பாளர் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

நாங்கள் ஆறாம் அறையில், வலையை விட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். பெட்டியின் கதவுப் பலகை தூக்கப்பட்டதும் சின்னது தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். கையில் அதே கிளை. நேராகப் பலகை மேல் ஏறி, உருவிய இடத்திலேயே அதைத் திரும்பச் செருகினாள். பிறகு கூட்டின் ஓர் ஓரமாக, சுவரை ஒட்டி ஒடுங்கிப் படுத்தாள். மற்றப் பாதியில் கையைக்கூட நீட்டவில்லை. அங்கே வேறு யாரோ படுக்க வேண்டும் என்பது போல விட்டு வைத்திருந்தாள்.

எனக்குச் சொல்ல ஒரு ஜோக்கும் வரவில்லை. அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"விளக்கை அணைங்க மாப்ளே" என்றார். "தூங்கட்டும்."